எட்டுக்கால் முற்றுப்புள்ளி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பால்கனியில் ஒரு ரோஜாத்தொட்டி இருந்தது. இலைகள் வெளுத்து, அடிப்பக்கம் தூசி படிந்தாற்போல் மெல்லிய வலை. ஓர் இலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, செடிகளின் நோய் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கதவைத் தள்ளியதும், உள்ளே நுண்ணோக்கியின்மேல் கவிழ்ந்திருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னார்: "யாரா இருந்தாலும் சரி, மூச்சு விடாதீங்க!"

விடவில்லை. அவர் பிடித்திருந்த ஊசியின் முனையில் ஏதோ இருந்தது. முற்றுப்புள்ளி அளவு. என் மூச்சுப் பட்டால் அது போன இடம் தெரியாது. கன்னம் உப்ப நின்ற அந்தச் சிறுபொழுதில் இக்கதை என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் கற்பனை. (ரோஜாச் செடி பிழைக்கவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.)

கடவுள் இவ்வளவு சிறிய ஒன்றுக்கும் எட்டுக் கால்களை வைத்துப் படைத்திருக்கிறாரே என்று உருகி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். உருக்கம் முதல் பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எரிச்சல்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பொன்வெயில் கண்ணாடிக் குப்பிகளில் பட்டுத் தெறித்த அந்தக் காலையில், அவள் தன் வாழ்வின் மிகச் சிறிய"

வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் பொன்வெயில் இல்லை. ஒரு குழல்விளக்கு, அதுவும் சிமிட்டிக்கொண்டு.

இரண்டாவது: "மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று வகைப்படுத்திவிடுகிறோம், ஆனால் இலையில் ஊரும் ஒரு பேனை"

இது மேடைப்பேச்சு. எனக்கு இந்த வியாதி உண்டு. மூன்றாவதாக, அந்த நுண்ணோக்கிப் பெண்ணையே பேசவிட்டேன்.

3

"இதுவும் ஆம்பள!" என்று கண்ணாடித் தகட்டைத் தட்டில் போட்டாள் அவள். தட்டில் ஏற்கெனவே ஆண்களும் குஞ்சுகளும் குவிந்து கிடந்தன.

"ஆம்பளைன்னா ஆகாதா?" என்றான், ஓரத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன்.

"வகை பார்க்க ஆகாது. வளர்ந்த பெண்தான் வேணும்."

"எங்க போனாலும் நமக்கு இதே மரியாதைதான்."

வீட்டில் அவனுக்குத் 'தபால்' என்று பெயர். அவன் மனைவியும் அவன் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி சொல்வதை மற்றவளிடம் கொண்டுசேர்ப்பது இவன் வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இன்றைக்கு அவன் கொண்டுவந்தது ஒரு குப்பி. உள்ளே ஸ்பிரிட், ஸ்பிரிட்டில் மிதக்கும் சில புள்ளிகள். தங்கை ஒரு பசுமைக்குடில் வைத்திருக்கிறாள்; பிளாஸ்டிக் கூரையின் கீழே, முழுக்க வெள்ளரி. குடில்காரி என்றே அவளை அழைக்கிறேன். அந்த வெள்ளரியில் சிலந்திப்பேன் விழுந்திருக்கிறது.

"சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மருந்து அடிச்சுடுவாளாம். அதுக்குள்ள நீ பார்த்துச் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்னா."

"அப்படியா சொன்னா?"

தபால் முக்காலியில் நெளிந்தான். "'அந்த ஆபீசரம்மாவுக்கு நேரம் இருந்தா பார்க்கட்டும், இல்லைன்னா குப்பியைத் திருப்பிக் கொண்டா'ன்னா. நான் கொஞ்சம் சர்க்கரை போட்டேன்."

4

இங்கே ஒரு விளக்கம் தேவை. அவள் என்னைத் திட்டுவாள், இருந்தாலும் சொல்கிறேன்.

இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் ஒரு பூச்சி*. அதைத் துரத்திப் பிடித்துத் தின்னும் பேன்களும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வேட்டைப்பேன் என்கிறார்கள். யாரும் அழைக்காமலே வந்து, யாரும் பார்க்காமலே வேலை செய்யும். மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான். மிஞ்சிய சிலந்திப்பேன் பிறகு கேட்பாரில்லாமல் பெருகும். அதற்காக, எந்த வேட்டைப்பேனைக் கண்டாலும் மருந்தை நிறுத்திவிடவும் முடியாது. அவற்றில் சில பூந்துகளைத் தின்றுவிட்டு இலைமேல் சும்மா உலாத்துகிறவை. அவற்றை நம்பி உட்கார்ந்தால் வெள்ளரி போய்விடும். அடித்தாலும் போகலாம், அடிக்காவிட்டாலும் போகலாம். எது என்பது குப்பிக்குள் இருக்கும் புள்ளியின் வகையைப் பொறுத்தது. குடில்காரிக்கு அந்தக் குடிலைவிட்டால் வேறு பிழைப்பு இல்லை.

(* "பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால். இதுக்கு எட்டு. எத்தனை தடவை சொல்றது?" என்கிறாள் அவள். திருத்த இடமில்லை, அப்படியே விடுகிறேன்.)

ஏன் பேச்சு நின்றது? ஒருமுறை அவள் குடிலுக்குப் போயிருந்தபோது, காய் எடுக்க வந்த வியாபாரிகள் காதுபட, "நீ அடிக்கிற மருந்துதான் உன் பேனை வளர்க்குது" என்று சொல்லிவிட்டாள். சொன்னது சரி. வியாபாரிகள் சிரித்தார்கள். அன்றுவரை "அண்ணி, அண்ணி" என்று வாய் ஓயாமல் கூப்பிட்ட குடில்காரி, அன்றிலிருந்து அவளை "ஆபீசரம்மா" ஆக்கிவிட்டாள்.

5

என் எரிச்சல் இங்கிருந்து தொடங்குகிறது. நான் சிறு கருணைகளை நம்புகிறவன். உலகம் ஓடுவது அவற்றால்தான் என்று தினமும் பிரார்த்தனையில் நன்றி சொல்கிறவன். ஆகவே எழுதினேன்: "அவள் மனம் இளகி, தொலைபேசியை எடுத்தாள்."

எடுக்கவில்லை.

மறுபடி எழுதினேன்: "எவ்வளவானாலும் தன் கணவனின் தங்கை அல்லவா என்று அவள்"

"நிறுத்துங்க," என்றாள், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வகை தெரியாம வெளியே கருத்துச் சொல்லக்கூடாதுன்னு இங்க விதி. நான் என்னன்னு சொல்வேன்? எனக்கு மனசு இளகிடுச்சு, அதனால மருந்து அடிக்காதேன்னா? அவ பயிர் போனா நீங்களா வந்து நிப்பீங்க?"

கடவுளே, நான் உண்டாக்கிய பாத்திரத்திடமே வாங்கிக் கட்டிக்கொள்ளவா எழுத வந்தேன்?

அந்த நேரத்தில் பெண் கிடைத்தது.

6

குப்பியின் அடியில் ஒட்டிக்கிடந்த கடைசிப் புள்ளி. ஊசியால் எடுத்துத் தகட்டில் ஒரு சொட்டுப் பிசின்மேல் வைத்து, மேல்கண்ணாடியை இறக்கினாள். அது நழுவி ஓரத்துக்குப் போயிற்று. நடுவுக்குத் தள்ளினாள், குப்புறப் புரண்டது. "செத்தும் அடங்க மாட்டேங்குதே" என்று பல்லைக் கடித்தபடி நிமிர்த்தினாள். முதுகு தெரிந்தது. வேட்டைப்பேன்தான், சந்தேகமில்லை. எந்த வேட்டைப்பேன் என்பதற்கு முதுகு மயிர்களை ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும்.

"ஒண்ணு குறையுது," என்றாள்.

நான் பதறிவிட்டேன். ஒரு மயிர் குறைந்தால் வகை மாறும். வகை மாறினால் கதை மாறும்.

"மயிர் உதிர்ந்தா என்ன, அது முளைச்ச குழி இருக்கும்ல. குழியை எண்ணணும்," என்று எண்ணி முடித்தாள்.

அடடா, என்ன ஓர் இடம்! உதிர்ந்தவற்றின் குழிகள், நின்றுபோன பேச்சுகள், ஒரு குடும்பத்தில் யாரோ யாரையோ கூப்பிடாமல்போன சொல் என்று ஒரு முழுப் பத்தி எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "நான் பேனைப் பத்திச் சொன்னேன்," என்றாள். பத்தியை அடித்துவிட்டேன். இதோ அதன் குழி:

[                    ]

எண்ணிக்கையால் இரண்டு வகைகள் மிஞ்சின. ஒன்று சிலந்திப்பேனைத் தின்று வாழ்வது. மற்றது பூந்துகள் சோம்பேறி. முதுகு இரண்டுக்கும் ஒரே மாதிரி. வித்தியாசம் உடலுக்குள்ளே குடுவைபோல் இருக்கும் ஓர் உறுப்பின் கழுத்தில். பிசின் காய்ந்து உடல் பளிங்குபோல் தெளிந்தால்தான் அது தெரியும். அதற்கு ஒரு வாரம் ஆகும். மருந்து அடிப்பது இன்று.

"உயிரோட பார்த்திருந்தா நிறத்தை வெச்சாவது சொல்லியிருப்பேன்," என்று நாற்காலியில் சாய்ந்தாள். "ஸ்பிரிட்ல போட்டு எல்லாத்தையும் வெளுத்து அனுப்பியிருக்கா."

"நான் வேணா அவகிட்ட நிறம் கேட்டுட்டு வரட்டுமா?" என்று தபால் எழுந்தே விட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். "வேண்டாம். நீங்க சர்க்கரை போட்டுடுவீங்க. எனக்கு உள்ளது உள்ளபடி வேணும்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. கருத்துச் சொல்லக்கூடாது என்றுதான் விதி. கேட்கக்கூடாது என்று விதி இல்லை. கையுறையைக் கழற்றினாள், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். நான் எழுதியதால் எடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

7

"நான்தான்."

"தெரியுது. சொல்லுங்க, ஆபீசரம்மா."

"சொல்லக் கூப்பிடலை. கேக்கக் கூப்பிட்டேன்."

மறுமுனையில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"என்கிட்டயா? என்ன?"

"குப்பியில போட்டியே, அது உயிரோட இருக்கும்போது என்ன நிறம்?"

"எதுக்கு? அதுலயும் தப்புக் கண்டுபிடிக்கவா?"

"எனக்குத் தெரியலை. நீதான் பார்த்திருக்கே. அதனால கேக்கறேன்."

மறுமுனைக் குரலில் முள் சற்று மழுங்கியிருந்தது.

"சிவப்பு. நல்ல சிவப்பு. இருக்கறதுலயே இதுங்கதான் பெரிய அக்கிரமக்காரிங்கன்னு தேடித் தேடிப் பிடிச்சேன்."

"தேடியா? ஏன்?"

"ஓடுச்சுங்களே! மத்ததெல்லாம் உக்காந்த இடத்துலயே உக்காந்து உறிஞ்சிக்கிட்டு இருக்கு. இது மட்டும் இலை பூரா ஓட்டம். தூரிகையால ஒத்தி எடுக்கறதுக்குள்ள என் கழுத்தே போச்சு."

இங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இரண்டு வகைக்கும் சொந்தமாக நிறம் கிடையாது, வெளிறிய உடம்பு. தின்றது வயிற்றில் தெரியும். சிலந்திப்பேனைத் தின்றது சிவக்கும், பூந்துகள் தின்றது சிவக்காது. திருடனைக் கட்டிப்பிடித்து உருண்ட காவல்காரனை, சட்டையில் சேறு இருக்கிறதே என்று பிடித்துக் குப்பியில் போட்டிருக்கிறாள் குடில்காரி. இலையை உன்னிப்பாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

"சரி, என்னதான் அது?"

"பேர் ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். ஆனா உனக்காக வேலை செய்யறதுன்னு தோணுது."

"தோணுதா? நிச்சயமா சொல்லுங்க."

"நிச்சயம் இல்லை."

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு நிச்சயமா சொன்னீங்களே!"

"சொன்னேன்." அவள் விரல் தொலைபேசியின் கம்பியைச் சுற்றியது. "சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை."

[இந்த இடத்தில் இரண்டு பேரும் விசும்புவதாக நான்கு வரிகள் வைத்திருந்தேன். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னை முறைத்த முறைப்பில் எடுத்துவிட்டேன்.]

"நீயே இன்னொரு தடவை பாரு," என்றாள். "எல்லா வரிசையிலும் இலையைத் திருப்பி, புல் நுனியால லேசா தொடு. அசையாம உறிஞ்சிக்கிட்டு இருந்தா அது சிலந்திப்பேன். ஓடினா வேட்டைப்பேன். சிவப்பா ஓடுறது நிறைய இருந்தா மருந்தைக் கீழ இறக்கு. இல்லைன்னா அடி. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"ஸ்பிரேயரை முதுகுல மாட்டிட்டேனே," என்றாள் குடில்காரி, ஏதோ அது தன் குற்றம் இல்லை என்பதுபோல. பட்டை இறுக்கும் சத்தம், அல்லது தளர்த்தும் சத்தம். இங்கிருந்து கேட்டால் தெரியாது.

"போனை வெச்சுடாதீங்க. இதோ பார்க்கறேன்." ஒரு பிளாஸ்டிக் திரை விலகும் ஓசை. "லைன்லயே இருங்க, அண்ணி."

தபால் வாயைத் திறந்தான். அவள் கையைத் தூக்கினாள்: மூச்சு விடாதீங்க.

8

முடிவு ஒன்று: எந்த இலையிலும் எதுவும் ஓடவில்லை. ஓடியவற்றை எல்லாம் தேடிப் பிடித்து அவளே குப்பியில் போட்டுவிட்டாள். மருந்து அடிக்கிறாள். இப்படியும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: இலைக்கு இலை சிவப்பாக ஓடுகிறது. மறுநாள் குடில்காரி ஒரு கூடை வெள்ளரியோடு ஆய்வுக்கூடத்து வாசலில் நிற்க, இருவரும் கட்டிக்கொண்டு

தபால்கூட இவ்வளவு சர்க்கரை போடமாட்டான்.

முடிவு மூன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே என்னிடம் கிசுகிசுத்தாள்: "நீங்க சும்மா இருங்க. அவ பார்க்கட்டும்."

எனக்குக் கோபம்தான். எழுதுகிறவன் நான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், இவ்வளவு நேரம் இந்தக் கதையில் யாராவது ஒரு கருணை செய்திருந்தால், அது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மற்றவள் கண்ணை நம்பிக் காத்திருப்பது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி, நானும் இறங்கிக்கொள்கிறேன்.

குடில்காரி முதல் வரிசையில் குனிந்துவிட்டாள். புல் நுனியை உங்களிடமும் ஒன்று தருகிறேன். கீழே, இந்த வாக்கியத்தின் கடைசியில், முற்றுப்புள்ளி அளவில் ஒன்றை வைத்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு லேசாகத் தொட்டுப் பாருங்கள், சற்று முன்புவரை இங்கேதான் இருந்தது