குத்தாத கவுன்

நேற்று ராத்திரி தையல்காரி கவுனைப் புரட்டித் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். எங்கும் உறுத்தவில்லை. தையல் விளிம்புகளை எல்லாம் வெளிப்பக்கம் தள்ளி, மேலே அதே துணியில் பட்டி வைத்து மூடியிருந்தாள். கைக்குழந்தைக்குப் போடுகிற மெல்லிய பருத்தி. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு நன்றாக எதையும் தைத்ததில்லை. தைக்கும்போது இவ்வளவு வெறுத்ததும் இல்லை. தானே தேடிக்கொண்ட வினை, யாரை நோவது?

வண்டு அவளுடைய இளைய பிள்ளை. எந்நேரமும் வாய்க்குள் ரீங்காரம், அதனால் அந்தப் பெயர். ஆட்டிசம் என்று பேச்சு வராத வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டம். கழுத்தில் லேபிள் பட்டால் போதும், வீடு இரண்டாகும். புதுத்துணி எது வந்தாலும் முதல் வேலையாக லேபிளை வெட்டி எறிவாள் தையல்காரி. பள்ளிக்கூடப் பதிவில் வண்டு பெண். வண்டுவைக் கேட்டால் பையன். பேச வந்த நாளிலிருந்து அதே வாக்கியம், அதே குரல், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. பொய் சொல்ல அவனுக்கு வராது. வீட்டுக்கு வந்த சித்தப்பாவிடம், உங்க வாய் நாறுது என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அதை எல்லோரும் நம்பினார்கள். இதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

ஆட்டிசம் பார்க்கிற டாக்டர், இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று மனசில் ஒட்டிக்கொள்ளும், நேற்று ஃபேன், இன்றைக்கு இது என்று சிரித்தார். மனநல டாக்டரோ, முதலில் அந்த ஆட்டிசத்தை ஒரு வழி பண்ணிவிட்டு வாருங்கள் என்றார். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்ததுதான் மிச்சம். கடைசியில், பெண்பிள்ளைகளின் கவுன் சீருடையை ஏன் போட மாட்டேன் என்கிறாள் என்று தலைமையாசிரியை கேட்டபோது, தையல்காரி சட்டென்று சொல்லிவிட்டாள், துணி குத்துதுங்க மேடம் என்று. தலைமையாசிரியை உருகிப்போனார். அந்த நிமிஷமே பேன்ட் சட்டைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு குறை என்றால் இந்த உலகம் இடம் கொடுக்கும், இரண்டு என்றால் வாசலைக் காட்டும் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பொய் இரண்டு வருஷம் சோறு போட்டது. பிறகு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சி டீச்சர் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். குத்தாத மாதிரி தைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் இந்தப் பிள்ளையும் மற்ற பெண்பிள்ளைகளைப் போல வரலாமே, நீங்களே தையல்காரிதானே என்றார். வண்டு உடனே மறுத்தான்.

"துணி இல்ல டீச்சர். நான் பையன்."

டீச்சர் தையல்காரியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தலைமையாசிரியையும் அவளையே பார்த்தார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பள்ளியை விட்டால் வண்டுவைச் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளி இல்லை, ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று.

"துணிதாங்க," என்றாள்.

வண்டு திரும்பி அவளைப் பார்த்தான். அன்றைக்கு முழுக்க ரீங்காரம் இல்லை.

இன்று காலை தலைமையாசிரியை அறையில் கவுனைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டபடி நின்றான். குத்துகிறதா என்று டீச்சர் கேட்டார். வண்டு தோளை அசைத்துப் பார்த்தான், குனிந்து பார்த்தான், நியாயமாக யோசித்தான்.

"குத்தல. அம்மா நல்லா தச்சிருக்காங்க."

டீச்சர் கைதட்டினார். திங்கட்கிழமையிலிருந்து இதையே போட்டு வரலாம் என்று தலைமையாசிரியை முடித்துவிட்டார். வண்டு மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உண்மை பேசியதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி அது.

வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, தையல் மெஷின் மேல் வைத்தான். அண்ணனின் பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். பெரியவன் வேலைக்கு வெளியூர் போகும்போது விட்டுப்போன சட்டை. அதை வண்டுவே துவைப்பான், வண்டுவே மடிப்பான், யாரும் தொடக் கூடாது. அவனுடைய பிடிவாதங்களில் அதுவும் ஒன்று என்று தையல்காரி விட்டுவிட்டாள்.

தரையில் உட்கார்ந்து பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம் பிரிக்கக் குனிந்தான். காலர் விலகியது. பின்கழுத்தில் லேபிள், ஜரிகை நூலில் பின்னிய முரட்டு லேபிள், வெட்டாமல் அப்படியே இருந்தது. அதன் கீழே தோல் உரிந்து, காய்ந்து, காய்ந்த இடத்திலேயே மறுபடி உரிந்திருந்தது. லேபிள் பட்டால் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை.

"எத்தன நாளா இது?"

"அண்ணன் போனதுலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, துணி குத்துதுன்னு சொல்லி நீ எடுத்துடுவ."

நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு, லேபிளை மட்டும் எடுத்துவிடுகிறேன், சட்டை உனக்குத்தான் என்று அருகில் உட்கார்ந்தாள். வண்டு இரண்டு கையாலும் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வெட்டாத. திங்கக்கிழமை மேடம்கிட்ட காட்டணும். இது குத்துது, நான் போடுறேன். அது குத்தல, போட மாட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொல்லு."

மெஷின் மேல் கவுன் மடிப்புக் கலையாமல் இருந்தது. கத்திரி அவள் விரல்களில் திறந்தபடியே நின்றது. வண்டு காலரை விடவில்லை.