சொதிப் பந்தியில் ஒரு மணி நேரம்

செங்கோட்டை பாசஞ்சர் திருநெல்வேலியில் புறப்பட்டு அம்பாசமுத்திரம் போய்ச் சேரும் ஒரு மணி நேரம் முழுவதும், தான் ஒரே இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தாணுமாலையன் பேட்டை சலூனில் அறிவித்தார். சுடலைக்கண்ணுவின் கத்தி யாருடைய கன்னத்திலோ பாதியில் நின்றது.

“அண்ணாச்சி, யார் காதுல பூ சுத்துதீக?”

நம்பாததற்கு நியாயம் இருந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற தாணுமாலையன், சாம்பார் இலையில் விழும் சத்தம் அடங்குவதற்குள் மோர் கேட்கிறவர். பந்தியில் மூத்தவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர் மூத்தவரான நாள் முதல் சொந்தத்தில் பாதிப் பேர் கல்யாண வீட்டு ரசத்தைக் கண்ணால் கண்டதில்லை. மச்சினர் கோமதிசங்கர் பதினோரு கல்யாணங்களில் அரைவயிற்றோடு எழுந்தவர். பன்னிரண்டாவதற்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

போன மாசியில் தாணுமாலையன் ரத்தமாக வாந்தி எடுத்தார். குடலில் புண். இன்னொரு முறை வந்தால் கத்திதான் என்றார் டாக்டர் விஜயஸ்ரீ. மாத்திரை எழுதியவர், அவர் சாப்பிடும் வேகத்தை விசாரித்துவிட்டு, எந்த வயதிலிருந்து இப்படி என்றும் கேட்டார்.

தாணுமாலையன் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏழு வயதில், ஒரே வாரத்தில் அப்பாவும் அம்மாவும் காலராவில் போனார்கள். தச்சநல்லூரில் மாமா வீட்டில் வளர்ந்தார். மாமா சாப்பிட்டு எழுந்ததும் அத்தை வந்து, சோறு மிச்சமிருந்தாலும் பையனின் இலையை இழுத்துவிடுவாள். மாமாவோ சோற்றை மெல்லவே மாட்டார். அப்படியே உள்ளே அனுப்பிவிடுவார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பயந்து வளர்ந்த பிள்ளையின் உடம்பு பெரியவனான பிறகும் அந்தப் பதற்றத்திலேயே இருக்கும். வயிறும் நெஞ்சும் தூக்கமும் அதற்கு விலை கொடுக்கும் என்றார்.

“இப்போ உங்க பந்தியில மூத்தவர் யாரு?”

“நாந்தான்.”

“அப்போ உங்க இலையை யார் எடுக்கப் போறா?”

தாமிரபரணிக் கால்வாய்களில் மடைக்கு மடை பதில் வைத்திருந்தவர், மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பங்குனியில் மகள் சித்ரலேகாவின் கல்யாணம். மறுநாள் மறுவீட்டுச் சொதிப் பந்தியில், முதல் இலை தாணுமாலையனுக்கு. தேங்காய்ப்பால் சொதி சோற்றில் இறங்கியதும் கை தன் பாட்டுக்குப் பறந்தது. இரண்டாவது கவளத்தில் பக்கத்தில் பார்த்தார். இவர் எழும் வேகத்தைக் கேள்விப்பட்டிருந்த சம்பந்தி அப்பாத்துரை, இரண்டு கன்னமும் புடைக்க அடைத்துக்கொண்டு, கண்ணை இவர் இலையிலேயே வைத்திருந்தார்.

அந்தப் பார்வை தாணுமாலையனுக்குத் தெரியும். ஏழு வயதில் தான் மாமாவைப் பார்த்த பார்வை. கை நின்றது.

“சம்பந்தி, பையச் சாப்பிடுங்க. நான் எந்திக்க மாட்டேன்.”

சொன்னது தன் காதிலும் விழுந்தது. அடுத்த கவளத்தை மென்றார். சொதியில் முருங்கைக்காய் கிடப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இஞ்சிப் பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பரிமாறிய சொர்ணாம்பாள், முப்பது வருஷத்தில் புருஷனுக்கு முதன்முதலாக மறுசோறு போட்டாள். ஐப்பசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண் இருந்த இடம் சுத்தமாக ஆறிவிட்டது என்றார்.

இத்தனையும் சொல்லி முடித்தும் சலூன் நம்பவில்லை. மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கோமதிசங்கர் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அதே பந்தியில் சாப்பிட்டிருந்தும், அன்றைக்கு மண்டபத்துக் கடிகாரம் நின்றுபோயிருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான்.

கோமதிசங்கர் பேப்பரை மடித்தார்.

“கடியாரம் ஓடத்தான்வே செஞ்சுது. நான் மூணு தரம் சொதி வாங்கித் தின்னேன். எனக்கு இடுப்பே வலிச்சுப் போச்சு. அத்தான் எந்திக்கல.”