ஸ்ட்ராபெர்ரிப் புகை

புகைக்கு ஸ்ட்ராபெர்ரி வாசனை. காட்டுத்தீ அணைக்க ஆட்களைத் தயார்ப்படுத்தும் அந்தப் பயிற்சி மையத்தின் அரங்கில் அது திரைச்சீலை வரைக்கும் ஊறிப் போயிருந்தது. பயிற்சித் திட்டத்தை எழுதியவளுக்கு அந்தப் பக்கம் போனாலே குமட்டும். மேடைக் கச்சேரிகளுக்குப் புகை விடுகிற மெஷினை வாடகைக்குப் பிடித்து வந்தவர் இயக்குநர்.

அவள் எழுதிய திட்டமே வேறு. மலைச்சரிவில், நிஜப் புல்லில், நிஜ நெருப்பில் பழக வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும்; மேலே ஓடுகிறவனை எட்டிப் பிடித்துவிடும். பக்கவாட்டில் ஓடி, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருந்தரையில் போய் நிற்பவன்தான் பிழைப்பான். இது தலைக்குத் தெரிந்தால் போதாது, கால்களுக்கும் தெரிய வேண்டும்.

"எதுக்கும்மா பசங்களை வெயில்ல போட்டு வறுக்கணும்?" என்றார் இயக்குநர். "ஏசி ஹால் சும்மா கிடக்கு. புகை விடு, சைரன் அடி, வெளிய ஓடச் சொல்லு. முடிஞ்சுது."

"அது தியேட்டர்ல தீப்பிடிச்சா ஓடுறது சார்."

"தீன்னா தீதான். நீ ரொம்ப யோசிக்கிறே."

அதோடு பேச்சு முடிந்தது. அவளுக்கு வாய்த்தது பயிற்சி நிறைவு விழா நாளில் சரிவில் ஒரே ஒரு செயல்விளக்கம். அதுவும் விருந்தினர்கள் பார்ப்பதற்காக.

அவளுடைய தம்பியும் பயிற்சி பெறும் அணியில் இருந்தான். ஒல்லி உடம்பு, கூட்டாளிகள் வைத்த பெயர் குண்டூசி. ரொம்ப நாள் வேலையில்லாமல் வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். விழாவுக்கு மறுநாள் காலை அணி காட்டு முகாமுக்குக் கிளம்புகிறது. அவன் பையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி வைத்திருந்தான்.

விழாவன்று சரிவின் அடியில் பந்தல், மெத்தை நாற்காலிகள், ஜில்லென்று பழச்சாறு. தண்ணீர் வண்டி தயாராக நின்றது. சரிவின் இடப்பக்கம் அவள் முந்தின நாளே எரித்து ஆறவிட்ட கருந்தரை, பெரிய போர்வை விரித்ததுபோல் கிடந்தது. அணி நடுச்சரிவில் நிற்க, கீழே புல்லில் ஒரு வரிசை நெருப்பை வைத்தாள். காற்று கீழிருந்து ஏறியது. விசில் ஊதினாள்.

மொத்த அணியும் மேலே ஓடியது.

ஒருத்தன்கூட இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குண்டூசிதான் முதலில், மான் மாதிரி. பந்தலில் கைத்தட்டல் கிளம்பியது. "என்னா ஸ்பீடு பாத்தீங்களா!" என்று இயக்குநர் பக்கத்து விருந்தினரின் தொடையில் தட்டினார். தண்ணீர் வண்டிக்காரர்கள் நெருப்பை அடித்து அணைக்கும்வரை கைத்தட்டல் ஓயவில்லை. ஒரு பெரிய மனிதர் பழச்சாற்றை உறிஞ்சிக்கொண்டே தட்ட முயன்று, சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அவள் பந்தலுக்குள் போனாள். மைக்கை எடுத்தாள்.

"இப்ப ஓடினவங்க எல்லாரும் செத்துட்டாங்க. தயவுசெஞ்சு கை தட்டாதீங்க."

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "மைக்கை வைம்மா. சாப்பாடு ரெடியா இருக்கு."

குண்டூசி மூச்சிரைக்க இறங்கி வந்தான். "உனக்கு அவர்கூட சண்டைன்னா அவர்கிட்ட போடு. என் மூஞ்சில ஏன்க்கா கரியைப் பூசுறே? விசில் அடிச்சே, ஓடினோம்ல?"

"ஏன்டா மேல ஓடினே?"

"வேற எங்க ஓடுறது? கதவு மேலதானே இருந்துச்சு!"

அவளுக்குச் சுரீரென்றது. அரங்கம். படிப்படியாக ஏறும் இருக்கைகள், கீழே மேடை, உச்சியில் வெளியே போகும் கதவு. ஒரு மாதமாக சைரன் கேட்டதும் மேலே, மேலே என்று ஓடிப் பழகியிருக்கிறார்கள். நன்றாகத்தான் பழகியிருக்கிறார்கள். அவளும் அந்தக் கதவருகே நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தியிருக்கிறாள். இயக்குநர் மேல் இருந்த அருவருப்பு இப்போது அவள் மேலேயே திரும்பியது.

இயக்குநரிடம் போனாள். "நாளைக்கு இவங்க போகக் கூடாது சார்."

"வண்டி சொல்லியாச்சு. போட்டோ எடுத்தாச்சு. போற இடத்துல கத்துக்குவாங்க."

"போற இடத்துல கத்துக்க ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்."

அவர் கையலம்பப் போய்விட்டார். அவளுடைய கால்சட்டைப் பையில் தளவாட அறையின் சாவி இருந்தது. முகாமுக்குக் கொண்டுபோக வேண்டிய தலைக்கவசம், கையுறை, தீ தாங்கும் சட்டை எல்லாம் அந்த அறையில். அவை இல்லாமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்க மாட்டான். சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் வண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள். "வலப்பக்கம் இன்னும் புல்லு இருக்கு. மறுபடி வைக்கப் போறேன்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவாரு டீச்சர்," என்றான் அணியில் ஒருவன்.

"தூக்கட்டும். சாவி என்கிட்டதான் இருக்கு. ஏறுங்க."

தரையில் உட்கார்ந்திருந்த குண்டூசி எழுந்திருக்கவில்லை. "நான் வரலை. உன் தம்பிங்கிறதாலதானே இவ்வளவு ஆட்டம்?"

"ஆமாடா. அதனாலயும்தான்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, மற்றவர்களோடு போய் நின்றான்.

காலிப் பந்தலுக்கு எதிரே தீ ஏறியது. விசில். அவன் கால்கள் மேலே பாய்ந்தன. இரண்டு எட்டு வைத்ததும் தடுமாறின. திரும்பினான். குறுக்கே ஓடி, கருந்தரையில் விழுந்து எழுந்தான். முகமெல்லாம் சாம்பல். அவன் பின்னால் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் உச்சியில் நின்று விழித்தார்கள்.

வாயில் போன சாம்பலைக் காறித் துப்பிவிட்டு, "போதுமா?" என்று கத்தினான்.

"போதாது," என்று அவள் புல் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடி நடந்தாள். "மறுபடி."