பன்னிரண்டு வெள்ளி எழுபது

சுந்தரேசன் தன் அண்ணனின் வலது கட்டைவிரலைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு போனை அதன் மேல் வைத்து அழுத்தினார். திரை திறக்கவில்லை.

"இந்த விரல் இல்லையோ? அந்தக் கைய எடுத்துப் பாக்கவா?"

"விடுங்க சித்தப்பா. உயிரில்லாத விரலுக்கு அது திறக்காது" என்றாள் திவ்யதர்ஷினி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அப்புறம் எப்படிமா? அண்ணன் வேலை பாத்த இடத்துக்குச் சொல்லணும், சிரம்பான் மாமாவுக்குச் சொல்லணும். நம்பரெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு?"

திறக்கும் எண் அவளுக்குத் தெரியும். போன வருடம் போனை வாங்கிக் கொடுத்தபோது அவளே வைத்த எண். நேற்று மருத்துவமனையில் அப்பாவின் கண்ணாடி, பர்ஸ், போன் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை இரவு முழுவதும் அவள் கைப்பையில்தான் கிடந்தது. சித்தப்பா கேட்கும்வரை அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

போனை வாங்கி நான்கு எண்களை அழுத்தினாள். செய்திகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஆங்கிலத்தில்.

டாக்ஸி ஆப்பிலிருந்து இரண்டு. நேற்று காலை ஒன்பது நாற்பத்தொன்று: கட்டணம் ஏற்கப்படவில்லை, கணக்கில் போதுமான பணம் இல்லை. ஒன்பது நாற்பத்து மூன்று: அதே செய்தி. கட்டணம் பன்னிரண்டு வெள்ளி எழுபது காசு.

அவற்றுக்குக் கீழே, அதற்கு முந்தைய நாள் இரவு வந்தது, ஒரு சிரிக்கும் பன்றிக்குட்டிப் படத்துடன்: அருமை, முத்தையா! இன்று உங்களுக்காக அறுபத்து நான்கு வெள்ளியை எடுத்து வைத்திருக்கிறோம்.

"என்னமா, திறந்துடுச்சா?"

"சார்ஜ் இல்ல சித்தப்பா. மேல போய்ப் போட்டுட்டு நம்பர எழுதிட்டு வரேன்."

சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, நடுவே பெட்டியை வைத்திருந்தார்கள். மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் பேருந்து மூன்று மணிக்கு வரும். இப்போது பதினொன்று. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பஞ்சவர்ணம், புதிதாக வந்தவர்களிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நைட் டியூட்டி முடிஞ்சு வந்தவரு. நான் ஸ்கூல் கேன்டீன்ல இருக்கேன், ஒன்பதரைக்கு போன் பண்றாரு. நெஞ்சு புடிச்ச மாதிரி இருக்கு, வாயுவா இருக்கும்ங்குறாரு. பஸ்ஸு ரயிலுன்னு அலையாதீங்க, டாக்ஸி புடிச்சு பாலிகிளினிக்குப் போங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சரின்னாரு. சரின்னுட்டு எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் படியில போயி விழுந்து கெடக்குறாரு. பன்னெண்டு வெள்ளி. பன்னெண்டு வெள்ளிய மிச்சம் புடிக்கப் பாத்து உயிர விட்டுட்டாரு மனுஷன்."

"அண்ணன் அப்படித்தான் லா" என்றார் சுந்தரேசன். "ஒரு டிஷ்யூவ ரெண்டாக் கிழிச்சு, ஒண்ண நாளைக்குன்னு மடிச்சு வைப்பாரு."

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். திவ்யா மின்தூக்கியை நோக்கி நடந்தாள். ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பதாவது மாடியில் வீடு. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் பன்றிக்குட்டிச் சேமிப்பு ஆப்பைத் திறந்தாள். ஆப்பின் உண்டியலில் ஆயிரத்து எண்பத்தாறு வெள்ளி. வங்கிக் கணக்கில் பத்து வெள்ளி முப்பத்தைந்து காசு.

பத்து என்ற அந்த எண்ணை அவள்தான் போட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சென்டரில் அப்பாவுக்குப் பாலும் சீனியும் போடாத தே ஓ, அவளுக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். அலுவலகத்தில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அவருடைய போனில் இதை இறக்கினாள். வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் போதும். நாம் எப்படிச் செலவு செய்கிறோம் என்று அதுவே கவனிக்கும், தேவைக்கு மேல் இருப்பதை அதுவே எடுத்துத் தனியாக வைக்கும், வங்கியைவிட வட்டியும் கூட.

"கேக்காமலே எடுக்குமா?" என்றார் அப்பா.

"கேட்டு எடுத்தா நீங்க குடுப்பீங்களா?"

"ஆளு யாரும்மா அதுக்குப் பின்னால?"

"ஆளு இல்லப்பா. மெஷின்."

"ஆளா இருந்தா மூஞ்சியப் பாத்து சண்டை போடலாம்."

அதற்கு அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எப்போதும் கணக்கில் விட்டு வைக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று ஆப் கேட்டது. அப்பா யோசிக்காமல், "ஆயிரம்" என்றார். "அவசரத்துக்கு வச்சிருக்கேன். அத யாரும் தொடக்கூடாது." அவர் கணக்கில் சம்பளம் வந்து போன பிறகு நிற்பதே ஆயிரத்துச் சொச்சம்தான். ஆயிரத்தை விட்டு வைத்தால் அது எதைச் சேமிக்கும்? உண்டியலில் இருந்தாலும் அவர் பணம்தானே என்று நினைத்து அவள் பத்து என்று தட்டினாள். அப்பாவின் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. "நீ பாத்துச் செஞ்சா சரி" என்றார்.

மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்த பணம் யாருக்கும் தேவையில்லாத பணம் என்று அந்த ஆப் புரிந்துகொண்டது. இருபது, முப்பத்தைந்து, அறுபத்து நான்கு என்று எடுத்துக்கொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பாராட்டியிருந்தது. அப்பா அந்த ஆங்கிலச் செய்திகளைப் படித்தாரா என்று அவளுக்குத் தெரியாது. படித்தும், மகள் வைத்தது என்று விட்டுவிட்டாரா என்பதும் தெரியாது.

முழுத் தொகையையும் வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா, இவ்வளவு அழகாகச் சேமித்து வருகிறீர்களே என்று கேட்டது. மறுபடி அழுத்தினாள். இரண்டு வேலை நாள்கள் ஆகும். இன்று சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வந்து சேரும்.

செய்திகளை அழித்துவிடலாம். விரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சித்தப்பாவுக்கு நம்பர்கள்தான் வேண்டும். வங்கிக் கணக்கை மூடும் வேலையும் அவள் தலையில்தான் விழப்போகிறது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அப்பா மட்டும் பன்னிரண்டு வெள்ளிக்குக் கணக்குப் பார்த்துச் செத்தவர் என்று பேரெடுப்பார். முப்பதாம் நாள் சடங்கில் சொல்வார்கள். அடுத்த வருடத் திதியில், டிஷ்யூ கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். சிரிப்பார்கள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "திவ்யா, உள்ள இருக்கியா? தேத்தண்ணி போட்டிருக்கேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஷபானா.

"வரேன்கா."

தேநீரை நின்றுகொண்டே குடித்தாள். நாக்கு சுட்டது. நம்பர்களை ஒரு தாளில் எழுதினாள். இரண்டைத் தப்பாக எழுதி அடித்தாள். கீழே இறங்கித் தாளைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். போனில் எதையும் அழிக்கவில்லை. அழிக்கமாட்டேன் என்று முடிவு எடுத்திருந்ததாகவும் சொல்ல முடியாது.

கீழே அம்மாவின் பக்கத்தில் ரத்தினம்மா உட்கார்ந்திருந்தாள். தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவள். அப்பா இருபது வருடமாக அவளிடம் மாதச் சீட்டுக் கட்டி வந்தார்.

"புதன்கிழமை சாயந்தரம்கூட வந்தாரு பஞ்சவர்ணம். பர்ஸ்ல இருந்ததெல்லாம் எண்ணி எண்ணி வச்சாரு. பஸ்ஸுக்கு இருக்கான்னு நான் கேலி பண்றேன், பஸ் கார்டு இருக்கு போன்னு சொல்லிட்டுப் போறாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நடுராத்திரி கதவத் தட்டுனாலும் எடுத்துக் குடுத்திருப்பேனே."

"அவருகிட்ட இல்லாமலா?" என்றாள் அம்மா. "பேங்க்ல ஆயிரம் வெள்ளி எப்பவும் கெடக்கும். நான் ஒரு தடவ ஃப்ரிட்ஜு வாங்கக் கேட்டு அதுக்கே குடுக்கல. அவசரத்துக்கு, அவசரத்துக்குன்னு சொல்வாரு. நெஞ்சு வலியவிட என்ன அவசரம், சொல்லு. எடுக்க மனசு வரல. பொண்டாட்டி சொன்னத மதிக்கல. நான் சொன்னது காதுலயே ஏறல அவருக்கு."

திவ்யாவுக்குப் புரிந்தது. அம்மாவின் கோபம் பன்னிரண்டு வெள்ளியின் மேல் இல்லை. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் கடைசியாகத் தன்னிடம் 'சரி' என்று பொய் சொல்லிவிட்டுப் போனார் என்று அம்மா நம்பினாள்.

திவ்யா நகர்ந்து போய், யாரும் கேட்காத தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். பிறகு அடுக்கியதைக் கலைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தாள். பன்னிரண்டாம் மாடிச் சீனப் பெரியவர் துக்கப் பணம் வைத்த வெள்ளை உறை ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடு ஒரு சுற்று நடந்தாள்.

இரண்டரைக்குக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். மூன்று மணிக்குப் பேருந்து வந்தது. பொம்பளைங்க இங்கேயே இருக்கட்டும் என்றார் சுந்தரேசன்.

"நான் வரேன் தம்பி" என்றாள் அம்மா.

"அண்ணி, வழக்கம் இல்ல..."

"நான் வரேன்."

பெட்டி பேருந்தின் பின்பகுதியில் இருந்தது. அம்மாவும் திவ்யாவும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். சித்தப்பா மூன்று வரிசை தள்ளிப் பின்னால். சுவா சூ காங் சாலையைத் தாண்டி விரைவுச்சாலையில் ஏறியதும் அம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். "டாக்ஸியில போயிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, சாப்பாடு சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்பாரு."

"அப்பா டாக்ஸி கூப்பிட்டாரும்மா."

அம்மா திரும்பவில்லை.

"ஆப்புல கூப்பிட்டிருக்காரு. இங்க பாருங்க. ஒன்பது நாப்பத்தொண்ணு. அப்புறம் ஒன்பது நாப்பத்து மூணு."

இப்போது திரும்பினாள். போனை வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கு?"

"பணம் பத்தலன்னு."

"எப்படிப் பத்தாம இருக்கும்? ஆயிரம் வெள்ளி இருக்குமே."

"இல்லம்மா. நான் ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன். அது எடுத்துருச்சு. ஆயிரம் விட்டு வைன்னு அப்பா சொன்னாரு. நான் பத்துன்னு போட்டேன். அவருக்குத் தெரியாது."

குரல் உடையும் என்று எதிர்பார்த்தாள். உடையவில்லை. அலுவலகத்தில் தவறு நடந்துவிட்டால் மேலாளரிடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லிவிட்டாள். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அம்மா ஏதாவது கேட்கட்டும், அடிக்கட்டும், பேருந்தில் எல்லார் முன்னாலும் கத்தட்டும் என்று காத்திருந்தாள். பேருந்து ஒரு லாரியை முந்தியது. பின்னால் பெட்டியைக் கட்டியிருந்த வார் கிரீச்சிட்டது.

"ரெண்டு தடவையா?" என்றாள் அம்மா.

"ரெண்டு தடவை."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு இருக்கையின் மேல் கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்தாள்.

"தம்பி."

"அண்ணி?"

"உங்கண்ணன் நான் சொன்னதக் கேட்டு டாக்ஸி கூப்பிட்டிருக்காரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. டாக்ஸி கெடைக்கல. போன்ல இருக்கு. இனிமே யாரும் அவர அந்தப் பேச்சுப் பேசக்கூடாது."

"கெடைக்கலையா? காலையில அந்நேரத்துல..."

"கெடைக்கல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். மண்டாய் வரும்வரை திவ்யாவின் பக்கம் பார்க்கவில்லை.

மண்டாயில் அவர்களை ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். அந்தப் பக்கம் நீளமான, வெறுமையான கூடம். சற்று நேரத்தில் ஓரத்துக் கதவு விலகி, தட்டையான வண்டி ஒன்று அப்பாவின் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்றது. எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு அதுவாகவே வளைந்து, எதிர்ப்பக்கத்துக் கதவை நோக்கி நகர்ந்தது.

"யாரு ஓட்டுறா?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா. தானாப் போகும்."

அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கதவு திறந்தது, மூடியது. சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அம்மா நகரவில்லை. திவ்யா அவளுக்கு இரண்டடி பின்னால், தொடலாமா என்று தெரியாமல் நின்றாள்.

கதவு மறுபடி திறந்து, வண்டி காலியாக வெளியே வந்தது. ஆளில்லாத கூடத்தின் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு வந்த வழியே, அவசரமில்லாமல், அடுத்த பெட்டியை எடுத்து வரப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.