ஒடிந்த சேசிஸுக்கு ஒரு சாட்சி

தங்கை புருஷன் பிக்கப் வண்டி வாங்கப் போகிறான் என்றதும் வெல்டருக்குச் சந்தோஷம்தான். வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்குவது மாப்பிள்ளையின் தொழில். வாடகை வண்டிக்காரன் வருவானா மாட்டானா என்று தினமும் வாசலைப் பார்த்து நின்றது போதும் என்று முடிவு செய்திருந்தான். "பழைய வண்டிதான் மச்சான், ஆனா ஒரு கீறல் கிடையாதாம். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா வாங்கிடுவேன்" என்றான். யார் விற்கிறார்கள் என்று கேட்டான் வெல்டர். மாப்பிள்ளை, வெல்டரின் பழைய முதலாளியான பட்டறைக்காரரைச் சொன்னதும் அவனுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பட்டறையில் ஒன்பது வருஷம் மல்லாந்தும் குப்புறவும் கிடந்து உழைத்தவன் அவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அங்கே செய்து கொடுத்த ஒரு ட்ரெய்லர் நடுரோட்டில் பிளந்துகொண்டது. செலவை மிச்சம் பிடிக்கத் துருப்பிடித்த பழைய தகட்டைப் போடச் சொன்னவர் பட்டறைக்காரர். கிழிந்ததும் அந்தத் தகடுதான். பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. ஆனால் சண்டைக்கு வந்த ட்ரெய்லர்காரரிடம் அந்த மனுஷன் வாய் கூசாமல் சொன்னார்: "இவன் வெல்டு அடிக்கலைங்க. பசை தடவியிருக்கான்."

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் பசை. வண்டி வேலையை நம்பி ஒருவரும் கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பியும் துணி காயப்போடும் ஸ்டாண்டும் செய்து வயிற்றைக் கழுவினான். ஒவ்வொரு ஸ்டாண்டைப் பற்றவைக்கும்போதும் பட்டறைக்காரரின் வாய்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் சேர்த்து நாலு பொட்டு வெல்டு வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

மறுநாள் மத்தியானம் இருவரும் போனார்கள். பளபளவென்று வெள்ளை பெயின்ட் அடித்த பிக்கப், பட்டறை வாசலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எதிர்க்கடை லேத்காரரும் பக்கத்து பேட்டரிக் கடைக்காரரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார்கள். அந்தத் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் ஊர்க்கூட்டம்தான்.

வெல்டரைப் பார்த்ததும் பட்டறைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன தம்பி, வண்டி பாக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? பசையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. வெல்டர் ஒரு அட்டையைத் தரையில் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

ஏதாவது ஒரு குறை கிடைத்தால் போதும் என்றுதான் நுழைந்தான். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், வண்டியின் பாரத்தைத் தாங்கும் சட்டமான சேசிஸில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கறுப்பு பெயின்ட் தடிமனாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். வெளிப்பக்கம் கிரைண்டர் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தார்கள். ஒடிந்த சேசிஸ்! சந்தோஷத்தில் தலையைத் தூக்கி வண்டியில் இடித்துக்கொண்டான்.

பிறகு, கிரைண்டர் நுழையாத உள்பக்கத்தில் டார்ச்சை அடித்தான். அடித்தவன் அப்படியே கிடந்தான்.

அது அவனுடைய கைவேலை. வெல்டிங் முடிகிற இடத்தில் குழி விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் கடைசியில் வெல்டிங் ராடை அரை விரல் பின்னால் இழுத்து, குழியை நிரப்பிவிட்டுத்தான் எடுப்பான். அந்தத் தெருவில் வேறு ஒருவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அவன் பட்டறையில் இருந்த காலத்தில் விளக்குக் கம்பத்தில் மோதி இடுப்பொடிந்து வந்த நீல நிற பிக்கப், அவன் இரண்டு நாள் படுத்துக் கிடந்து நிமிர்த்தியது, இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் பாரம் சுமந்தும் ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

வெளியே வந்து, "ஒட்டுப்போட்ட சேசிஸ், ஒடிஞ்சுடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் காலி. அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் தான் பசை தடவியவன் என்று அவனே தெருவைக் கூட்டிச் சொன்ன மாதிரி. நல்லது என்றால் அந்த மனுஷன் பெட்டி நிறையும். இரண்டுக்கும் அவன் வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம் அடியிலேயே கிடந்து யோசித்தான். யோசித்து முடித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "சேசிஸ் ஒடிஞ்சு பத்த வெச்சிருக்கு" என்றான், லேத்காரருக்கும் கேட்கிற மாதிரி.

"சும்மா உளறாதே" என்றார் பட்டறைக்காரர்.

"பெயின்டைச் சுரண்டி விட்டிருக்கேன். யாரு வேணும்னாலும் குனிஞ்சு பாக்கலாம்."

பேட்டரிக் கடைக்காரர் உடனே குனிந்தார். "ஆமாய்யா, இருக்கு" என்றார். மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனான். "ஒரு கீறல் இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது சின்ன வேலை தம்பி. அதெல்லாம் நல்லாத் தாங்கும்."

"யாரு பத்த வெச்சது?" என்றான் வெல்டர்.

"யாரோ. இங்க எத்தனையோ பேர் வந்தாங்க போனாங்க."

"யாரோ வெச்சதை நம்பி என் தங்கச்சி புருஷன் பீரோ ஏத்தணுமா? வாங்க மாப்ளே, போலாம்."

மாப்பிள்ளை திரும்பிவிட்டான். இரண்டு மாசமாக ஒரு ஈ காக்கைகூட அந்த வண்டியைச் சீந்தவில்லை என்பது தெருவுக்கே தெரியும். பட்டறைக்காரர் லேத்காரரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார்.

"நீதான்யா பத்த வெச்சே."

"பசையா?"

"ஏன்யா இப்படி..."

"பசையா, வெல்டான்னு கேக்கறேன். மாப்ளை தெரிஞ்சுக்கணும்ல."

"வெல்டுதான். உன் கை. ஒடியாது, எழுதியே தரேன், போதுமா?"

லேத்காரர் விடுகிற ஆள் இல்லை. "அப்ப அந்த ட்ரெய்லர் எப்படிய்யா பொளந்துச்சு?"

வாங்க வந்தவன் இன்னும் போகவில்லை. அதனால் பட்டறைக்காரர் அதையும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அது தகடு. நான் போடச் சொன்ன தகடு."

வெல்டர் மூன்று வருஷம் மனசுக்குள் இவரை எத்தனையோ விதமாக அறைந்திருக்கிறான். ஒரு அறையும் இவ்வளவு இனித்ததில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுகூட ஆசை வந்தது.

பட்டறைக்காரர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு சாவியை நீட்டினார். "சரி தம்பி. அதான் உங்க மச்சான் வேலையாச்சே, இனி என்ன பயம்? எடுத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளைக்குக் கை அரித்தது. "மச்சான், வாங்கிடலாமா?"

"வேணாம் மாப்ளே."

"ஏன்? வெல்டு நல்லாத்தானே இருக்கு?"

"வெல்டு தங்கம். ஆனா அது நல்லா இருக்குன்னு இவருக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே என் பொழப்பைக் கெடுத்த மனுஷன், எஞ்சினைப் பத்தி மட்டும் உங்ககிட்ட நெசம் சொல்லியிருப்பாரா?"

லேத்காரர் மெதுவாகத் தலையாட்டினார். மாப்பிள்ளை அரை மனசாக நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். நாளைக்கும் வாடகை வண்டிதான் என்று அவன் முகம் தொங்கிப்போனது. நல்ல வண்டியாகத் தேடிக் கொடுப்பது தன் பொறுப்பு என்று வெல்டர் அவன் தோளில் கை போட்டான்.

அவர்கள் நாலு கடை தாண்டியபோது பின்னால் பட்டறைக்காரரின் குரல் கேட்டது. விலையைக் குறைத்துச் சொல்லிக் கத்தினார். பெயின்ட் கடைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இன்னும் குறைத்துக் கத்தினார்.

மாப்பிள்ளை திரும்பப் பார்த்தான்.

"திரும்பாதீங்க மாப்ளே" என்றான் வெல்டர். "நல்லாக் கத்தட்டும்." தெரு முனை வரைக்கும் வேண்டுமென்றே ஆற அமர நடந்தான்.