காய்ந்து கிடந்த குழாய்

குழாய் காய்ந்து கிடந்தது. ஒரு வாரமாக விடாமல் மழை கொட்டி, அணைக்குள் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது; அணையின் காலடியிலிருக்கும் குழாயில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளோ சந்தோஷப்பட்டாள். இத்தனை வருஷமாக மண் அணைகளைச் சோதிப்பதே பிழைப்பாக இருக்கிறவள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள் என்றால் என்னத்தைச் சொல்ல!

பெரிய அணையெல்லாம் இல்லை. வெள்ளம் வந்தால் பிடித்துவைத்து மெதுவாக விடுவதற்காக, இரண்டு மேடுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி இறுக்கிய கரை, அவ்வளவுதான். மண் அணை என்றால் உள்ளுக்குள் கொஞ்சம் நீர் ஊறத்தான் செய்யும். ஊறுகிற நீர் மண்ணை அரித்துக்கொண்டு வராமல் தெளிவாக வெளியே போகட்டும் என்று அடியில் ஜல்லியைப் பரப்பி ஒரு குழாய் வைத்திருப்பார்கள். வருஷா வருஷம் அவள் வருவாள். கரையில் விரிசல் உண்டா, எலிவளை உண்டா என்று பார்ப்பாள். குழாய்க்கடியில் வாளியை வைத்து அது எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று பார்ப்பாள். பிறகு அணைக்கு ஒரு தரம் போடுவாள்: நல்ல நிலை, சுமார், மோசம். மோசம் என்று போட்டுவிட்டால் அணைக்குக் கீழே இருக்கும் வீடுகளைக் காலி செய்துவிடுவார்கள்.

கீழே கொஞ்சம் வீடுகள் இருந்தன. அணைக்கு மிகப் பக்கத்தில், வேலிக்கு அந்தப்புறமே இருந்தது அவளுடைய அண்ணனின் வீடு.

அண்ணன் கொத்தனார். சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர். அவர் பூசிய சுவரைத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் தன் வீட்டைத் தானே கட்டினார். அதில் அவர் கை படாத கல் கிடையாது. அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டபடிதான் போன வருஷம் அவள் புலம்பினாள்: குழாயில் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது, இன்னும் கூடினால் மோசம் என்றுதான் போட வேண்டியிருக்கும், அண்ணன் வீடென்று பார்க்க முடியாது. அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணன் மட்டும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு கோடையில் அவளுடைய துறை ஆட்கள் வந்து அணையின் உள்சரிவில் களிமண் போட்டுக் கெட்டித்தார்கள். அந்த வேலைதான் பலித்திருக்கிறது, ஊறல் நின்றுவிட்டது என்று இவள் முடிவுகட்டிக்கொண்டாள். அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டு, நல்ல நிலை என்று சொல்லிவிட்டாள். பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு, நல்ல செய்தியை நேரில் சொல்ல அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணி கேட்டதும் கண் கலங்கிவிட்டாள். அண்ணன் தலையைத் தலையை ஆட்டிச் சிரித்தார். நாற்பதைத் தாண்டிய தங்கையை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு டீ போடு என்றார். டீ போடப் போன அண்ணி சமையலறையிலிருந்தே கணவனை ஓட்டத் தொடங்கினாள். ஊர் வீட்டுத் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். பெரிய மேஸ்திரி வீட்டுத் தரை மட்டும் டைல்ஸ் பெயர்ந்து நிற்கிறதாம். சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லையாம். மழை நின்றதும் பார்க்கிறேன் என்றார் அவர்.

அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். பின்சுவரை ஒட்டி நாலைந்து டைல்ஸ் தூக்கிக்கொண்டிருந்தன. ஒன்றின்மேல் கால் வைத்ததும் இடுக்கிலிருந்து சில்லென்று தண்ணீர் பீறிட்டது. குடிநீர்க் குழாய் உடைந்திருக்கும் என்று அண்ணி சொன்னது அவள் காதில் விழவில்லை. பின்கதவைத் திறந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, எறும்புப் புற்று மாதிரி, மண் வட்டமாகக் குவிந்திருந்தது.

"அது நேத்துதான் வந்துச்சு. செடிக்கு ஊத்த வசதியாப் போச்சு" என்றாள் அண்ணி.

அவள் ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டாள். கலங்கல். பொறுத்துப் பார்த்தாள், அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்தது. தோட்டத்து மண் கறுப்பு. இது மஞ்சள். அந்த மஞ்சள் மண்ணை அவள் பெற்ற பிள்ளையின் முகம்போல அறிவாள். அணைக்காக வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிய மண் அது. அணை உள்ளேயே கரைந்து அண்ணன் வீட்டுக் கொல்லையில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்படியானால் குழாய் ஏன் காய்ந்திருக்கிறது?

வேலியை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. குழாயின் முன்னே மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று. விரல் முட்டி நின்றது. தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்படிப் பூசுகிற கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். திரும்பினாள். அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீதானே பாப்பா சொன்ன, இதுல தண்ணி கூடினா மோசம்னு. ஒழுகுற இடத்தை அடைச்சேன். கொத்தனார் வேற என்ன பண்ணுவான்?"

"அது ஒழுகுறதுக்குன்னே வெச்ச குழாய்ண்ணா." என்றாள் அவள். "இங்க வழி இல்லன்னதும் தண்ணி உன் வீட்டுக்கடியில வழி பண்ணிக்கிச்சு."

உடைத்துவிடுகிறேன், இதோ ஒரு நிமிஷம் என்று கடப்பாரைக்கு ஓடப் போனவரை அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே மண் அரிக்கத் தொடங்கிவிட்ட பிறகு குழாயை உடைத்து எதுவும் ஆகப்போவதில்லை. கீழ்வீட்டு ஜனங்கள் மேட்டுக்குப் போக வேண்டும், அதுவும் இப்போதே. அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நல்ல நிலை என்று சொன்ன அதே வாயால் மோசம் என்றாள். என்னம்மா, அதுக்குள்ள அணைக்கு வயசாயிடுச்சா என்று மறுமுனையில் ஒருவர் சிரித்தார். அவள் போட்ட கத்தலில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அண்ணியும் அவளும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். போட்டது போட்டபடி, ஈரத்துணியும் குழந்தையுமாக ஜனங்கள் மேட்டுச் சாலைக்கு ஏறினார்கள். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால் அண்ணனைக் காணோம். கீழே, குழாய்ப் பக்கத்திலிருந்து, கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். சத்தம் நிற்கவில்லை. இறங்கப் போனவளை அண்ணி இழுத்துப் பிடித்தாள். பிறகு அண்ணியே, என்றைக்கும் புருஷனைப் பேர் சொல்லாதவள், பேர் சொல்லி அலறினாள். அப்போதுதான் கடப்பாரை ஓய்ந்தது. அவர் வேலி தாண்டி, வீட்டைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேடேறி வந்தார். சாலையைத் தொட்டபோது பின்னால் ஈரச் சர்க்கரை மூட்டை சரிகிற மாதிரி கரையின் நடுப்பகுதி உட்கார்ந்தது. அடுத்த கணம் சமையலறை இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் நின்றது. வீடு எந்தப் பக்கம் போயிற்று என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

அழக்கூடத் தோன்றவில்லை யாருக்கும். உயிர் ஒன்றும் போகவில்லை என்று யாரோ சொன்னபோது அண்ணன் சரி என்று தலையாட்டினார். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தபிறகு அண்ணனும் தங்கையும் சேற்றில் இறங்கினார்கள். வீட்டின் அடித்தளம்கூட மிஞ்சவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, சேற்றில் பாதி புதைந்து, சிமென்ட் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. வாய் ஓரமெல்லாம் கடப்பாரை பட்டுச் சிதறியிருந்தது. அவர் குனிந்து சேற்றை வழித்துவிட்டு உள்ளே கை விட்டார். தோள்வரை விட்டு, தான் பூசிய அடைப்பைத் தடவினார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கெட்டியாகச் சத்தம் வந்தது.

இத்தனை காலமும் எந்த வேலையை முடித்தாலும் அவர் இப்படித்தான் தட்டிப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். இப்போதும் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட விழல, பாப்பா" என்றார்.

அவள் அவர் கையைக் குழாயிலிருந்து மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாள்.