இரண்டாம் முறை பார்க்காத தண்ணீர்

...இல்லை, அப்படி ஆரம்பிக்க முடியாது, என் கணவர் நல்லவர் என்று ஆரம்பித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அதைத்தான் ஃபாதர் ஸ்டீவன் மறையுரையிலேயே சொல்லி முடித்துவிட்டாரே, விஞ்ஞானி ஆசீர்வாதம், முனைவர் பட்டம் வாங்கியும் வெளிநாடு போகாமல் இந்தக் கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்திலேயே இருந்துவிட்டவர், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பாட்டிலில் கொண்டுவரும் போர்வெல் தண்ணீரை வாங்கிப் போய்ப் பரிசோதித்து, அடுத்த ஞாயிறு அதே பாட்டிலின் மேல் ‘குடிக்கலாம்’ என்றோ ‘குடிக்காதீர்கள்’ என்றோ எழுதிக் கொடுத்தவர்... இருபத்திரண்டு வருடம். எல்லாம் உண்மைதான். பிறகு அந்தக் கேன் கதை. இன்று அச்சடித்துக் கொடுத்த நினைவு அட்டையிலும் அதுதான் பெரிய எழுத்தில், மதம் பாராமல் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு வருடம் தினமும் தண்ணீர் சுமந்தவர் என்று. பூசைக்கு முன்னால் பாடற்குழு விக்டோரியா என் தோளைத் தட்டி, “இன்னா மேரி, அழுதுகினே பேசாத, ஒருத்தருக்கும் ஒன்னும் புரியாது, அந்தக் கேன் கதைய எடுத்து வுடு, ஜனங்க அதத்தான் கேப்பாங்க” என்றாள். நற்கருணை முடிந்ததும் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். முதலாண்டு நினைவுத் திருப்பலியில் மனைவி பேசினால் நன்றாயிருக்கும் என்று ஃபாதர் கேட்டபோது ஏன் சரி என்றேன்...

அது தருமமில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும், இந்த முந்நூறு பேருக்குத் தெரியாது. பாட்டிலில் வரும் தண்ணீரை அவர் எப்போதும் இரண்டு முறை சோதித்துப் பார்ப்பார், ஒரு முறை வந்த கணக்கை நம்பக் கூடாது, கருவியும் மனுஷன் மாதிரிதான், களைத்துப் போகும் என்பார். பத்துப் பதினொரு வருடம் முன்னால் ஒரு டிசம்பரில் மட்டும் ஒரே முறை. கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி, குடில் கட்டும் வேலை, பிள்ளைகளுக்கு நாடகம், எல்லாம் அவர் தலையில்தான், ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஐந்தே முக்காலுக்கு நிற்கிறவர், அந்த அவசரத்தில் அந்த ஏழைக் குடும்பத்துப் பார்த்திபன் கொண்டுவந்த பாட்டிலில் ‘குடிக்கலாம்’ என்று எழுதிவிட்டார். நான்கு மாதம் குடித்தார்கள். அவர்கள் பெண் பூமிகாவுக்கு மூன்று வயது, வயிற்றுவலி, முகம் வெளுத்துப்போனது... ஏப்ரலில் கருவியைச் சரிபார்க்க வந்தவர் அது குறைத்துக் காட்டுவதாகச் சொன்ன பிறகு, இவர் எடுத்து வைத்திருந்த மிச்சத் தண்ணீரை மறுபடி பார்த்திருக்கிறார். ஈயம். குழந்தையைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு நல்ல தண்ணீர், கேனில். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது அவர் குறிப்பேட்டில் நானே படித்தேன், கடைசியில் சிவப்பு மையில் நான்கு சொல், ‘இரண்டாம் முறை பார்க்கவில்லை. பயிற்சி.’ கடவுளின் வேலைக்குப் போனதால் வந்த தப்பு, அதை எப்படி ஒரு மனிதர் தாங்குவார்... மூடி வைத்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் அவர் வருவதற்குள் கேனை நிரப்பி வாசலில் வைப்பேன், அவர் அதை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு போவார், நான் ஏன் நிரப்புகிறேன் என்று அவரும் கேட்கவில்லை. அந்த ஊருக்குக் குழாய் வரும்வரை.

இப்போது இதைச் சொன்னால்? அவர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பாட்டிலையும் நினைத்து ஒவ்வொரு தாயும் இன்று சாயங்காலம் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். சொல்லாவிட்டால், அட்டையில் சிரிக்கிற அந்த மனிதரோடுதான் நான் மிச்சக் காலத்தையும் கழிக்க வேண்டும், அவரை எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தவர் இரவுச் சாப்பாட்டில் பாதியில் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவரைப் பற்றிப் பேச இந்த ஊரே இருக்கிறது, என்னோடு சேர்ந்து அவரை நினைக்க ஒருவரும் இல்லை. நற்கருணை வாங்கித் திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் இடத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையில் யாரோ... திலகவதி. பூமிகாவின் அம்மா. வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது, அவள் என் காதருகே குனிந்தாள்.

“இன்னாக்கா, ஒரே யோசனையா கீற? மைக்குல பேசறதுக்கா? கட்சிக்காரன்லாம் கூச்சமே இல்லாம பேசறான், உனுக்கு இன்னா.” பூமிகா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், எப்போதும் அதைக் கேட்க எனக்குப் பயம். “ஒம்போதாவது படிக்கிறா. நல்லாத்தான் கீறா. கணக்குதான் வர்ல. அவ நைனாவுக்கும் வராது, அத்தொட்டு சார் மேல பழி போட முடியல” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சார் மேல பழி... அவள் பக்கம் திரும்பினேன். உனக்குத் தெரியுமா திலகா என்று கேட்டுவிட்டேன். “தெரியாம? கேன எறக்கி வெச்ச மொத நாளே சொல்ட்டாரு. உன் கொழந்த நோவு என்னாலதாம்மா, சரியா பாக்காம எழுதிட்டேன்னு. எங்க ஊட்டுக்காரரு சட்டையப் புட்ச்சி இஸ்துட்டாரு. சார் அப்டியே நின்னுகினு இருந்தாரு. ஒரு மாசம் நாங்க மொகம் குடுத்துப் பேசல, வாசல்லயே வெச்சிட்டுப் போவாரு. அப்பறம் ஒரு நா மழ, நனஞ்சிகினு நிக்கறாரு, நாந்தான் உள்ள கூப்ட்டேன்.” ஒரு நாள் சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்து வந்தாரே, நான் தைத்து வைத்தேனே, எப்படி அறுந்தது என்று கேட்காமல்... திலகவதி விரலால் பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாள், “அக்காவுக்குத் தெரியுமா சார்னு ஒரு தபா கேட்டேன். தெரியும்னுதான் நெனைக்கிறேம்மா, ஆனா ஒன்னும் கேக்க மாட்டேங்கறாளேன்னாரு. அதச் சொல்லும்போது மட்டும் சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சி.”

ஃபாதர் என் பெயரைச் சொல்கிறார், ஆரோக்கியமேரி அம்மா இப்போது சில வார்த்தைகள்... திலகவதி என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறாள். “சொல்லணும்னா சொல்லுக்கா. எங்களுக்கு ஒன்னும் இல்ல, நாங்க எப்பவோ வுட்டுட்டோம்.” பீடத்துக்குப் போகும் வழி இத்தனை நீளமா, மின்விசிறிச் சத்தம், யாரோ இருமுகிறார்கள், விக்டோரியா பாடற்குழு பக்கமிருந்து தலையாட்டுகிறாள், சொல்லு என்று. என் கணவர் ஒரு தப்பு செய்தார், அந்தத் தண்ணீர் தருமமில்லை, அது கடன் தீர்த்தது என்று நான் சொல்வதை ஒலிபெருக்கியில் நானே கேட்கிறேன், முன்வரிசையில் விசிறியாக அசைந்துகொண்டிருந்த அட்டைகள் நிற்கின்றன, திலகவதி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவரை அவர்கள் மன்னித்துவிட்டார்கள், வாய்விட்டு, மழைக்கு உள்ளே கூப்பிட்டு. நானும்தான் மன்னித்தேன், அந்தக் குறிப்பேட்டை மூடிய அன்றைக்கே, ஆனால் கேட்காமல் இருப்பதே அன்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அவர் அதை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாரோ...